நலம் விரும்பிக்கு நாற்பது நிமிடம்

நாற்பது நிமிடம் என்று சொன்ன மனிதர் கடிகாரத்தைப் பார்க்காமலேயே சொன்னதில் இந்திராணிக்கு முதல் சந்தேகம் வந்தது. பார்க்காமல் நேரம் சொல்கிறவர்கள் இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே பேனாவைக் கீழே வை என்பார்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் இழுத்தடிப்பார்கள். முப்பத்திரண்டு வருடம் பரீட்சை ஹாலில் நின்று கால் மரத்துப்போன சரித்திர டீச்சருக்கு இது தெரியாதா. கைக்கடிகாரத்தைக் கழற்றி டெஸ்க்கின் மேல் வைத்துக்கொண்டாள். பதினொன்று இருபது. பன்னிரண்டு மணிக்கு முடிக்கிறாரா என்று பார்த்துவிடலாம். திருச்சி தில்லை நகரில் ஒரு டுடோரியலின் மாடி அறை அது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பிள்ளைகள் இல்லை, பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க இருபது பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதை எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்கள். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன ஒரு சமன்பாட்டை அழித்துவிட்டு எழுத்தாளர் இளவழுதி பெரிதாக எழுதியிருந்தார்: உங்களுக்குப் பெரிய கெடுதல் செய்த ஒருவர். அவராகவே மாறி 'நான்' என்று எழுதுங்கள். திட்டக் கூடாது. அவருக்கு அவர் செய்தது நியாயம். அதன் கீழே இரண்டு கோடு. எதற்கு இரண்டு? ஒன்று போதாதா? எழுதி முடித்ததும் தாளை என்னிடம் கொடுக்க வேண்டாம், படித்துக் காட்டினால் போதும் என்று வேறு சொன்னார், அப்படி யாரும் கேட்காதபோதே. நான் பிட் அடிக்கல டீச்சர் என்று தானாக எழுந்து நின்று சொல்கிற பிள்ளையின் கைமடிப்பைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இருபது வீட்டு ரகசியத்தையும் ஒரே காலையில் காதில் வாங்கிக்கொண்டு போய் இந்த ஆள் நாவல் போட்டால் யார் என்ன செய்ய முடியும்? பக்கத்து இருக்கையில் ரெஹானா, வங்கியில் வேலை என்று காலையில் அறிமுகம் செய்துகொண்ட பெண், முழங்கையால் நோட்டை மறைத்துக்கொண்டு கடகடவென்று எழுத ஆரம்பித்துவிட்டாள். மறைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இவ்வளவு சீக்கிரம் வருகிறதென்றால் கெடுதல் செய்த ஆள் வீட்டிலேயே இருக்கிறார் போலிருக்கிறது. புருஷனாக இருக்கும். பாவம், சிரித்த முகமாக இருக்கிறாள், அப்படிச் சிரிக்கிறவர்கள் வீட்டில்தான் எல்லாம் இருக்கும்.

இந்திராணிக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பெயர் சொல்வாள். கோமளா. கணவர் தட்சிணாமூர்த்தியின் ஒரே தங்கை, புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள், இந்திராணிக்கு நாத்தனார். 'நான் கோமளா' என்று எழுதினாள். அந்தப் பெயரோடு 'நான்' சேர்ந்ததில் கை கூசியது. மூன்று வருடம் ஆகிறது. தாரிணிக்கு நிச்சயம் முடிந்து, மண்டபம் பேசி, பத்திரிகை அச்சுக்குப் போயிருந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதாசு போய்ச் சேர்ந்தது. பெண்ணுக்கு வலிப்பு நோய் என்று. மாப்பிள்ளையின் அப்பா அதை உறையோடு படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, இது சரிப்படாதுங்க என்று ஒரு வரி போட்டார். போன் பண்ணிச் சொல்லக்கூட அவர்களுக்கு வாய் வரவில்லை. ஒரே மகள். தாரிணிக்கு இப்போது முப்பத்தொன்று, பெங்களூரில் வேலை, வரன் என்று பேச்செடுத்தால் 'வேற எதாவது பேசும்மா' என்பாள். அந்தக் கடிதாசின் படம் இன்னும் இந்திராணியின் போனில் இருக்கிறது. தினமும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு முறையாவது எடுத்துப் பார்ப்பாள், பல்வலிக்காரன் நாக்கால் அந்தப் பல்லையே தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல. வருகிற வியாழக்கிழமை கோமளாவின் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று இருப்பது தட்சிணாமூர்த்தி ஒருவர்தான். அவர் போய் நின்று மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும், நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அவர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் பங்காளி வீட்டு ஆள் யாரையாவது நிறுத்த வேண்டியிருக்கும், ஊரே ஏன் என்று கேட்கும். கேட்கட்டும். போன வாரம் கோமளா தாம்பாளத்தில் பத்திரிகை வைத்து எடுத்துக்கொண்டு வந்தபோது இந்திராணி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. "அண்ணி இல்லையாண்ணே?" "குளிக்கிறா" என்று அந்த மனிதர் சொன்னது காதில் விழுந்தது, இங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே. பொய் சொல்லக்கூடத் தெரியாத மனிதர். அன்றைக்கே சொல்லிவிட்டாள், "நீங்க அங்க போனா அப்படியே அங்கயே இருந்துக்குங்க" என்று. இன்று காலை பஸ் ஏற்றிவிட வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா இந்திரா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். சொல்ல வந்தது தண்ணி பாட்டில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். போகும்போது அவர் முதுகு கூனியிருந்தது. அதையும் பார்த்தாள், பார்த்துவிட்டு மனசை இறுக்கிக்கொண்டாள்.

இந்தப் பயிலரங்குக்குப் பெயர் கொடுத்ததே தாரிணிதான், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே பதிவு செய்துவிட்டாள். "ரிடையர் ஆகி சும்மாத்தானே இருக்க. உனக்குக் கதை நல்லா வரும்மா. இல்லாததெல்லாம் இருக்குற மாதிரியே சொல்லுவ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது. எதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவை வீட்டைவிட்டு வெளியே அனுப்புகிறாள் என்றுகூட இந்திராணி ஒரு நிமிடம் யோசித்தாள், தாரிணி இருப்பது வேறு ஊரில், வேறு மாநிலத்தில் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. சரி, வந்ததற்கு ஒழுங்காகக் குறிப்பு எடுத்தாள். காலையில் இளவழுதி இரண்டு மணி நேரம் பேசினார். முதல் பத்தியை எழுதி முடித்ததும் அடித்துவிடுங்கள், அது நீங்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டது, கதை இல்லை என்றார். ஒருவன் ஒரு காரியம் செய்கிறான் என்றால் அதற்கு முன்னால் எங்கே உட்கார்ந்திருந்தான், கைக்கெட்டுகிற தூரத்தில் என்ன இருந்தது, எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அப்புறம், டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், போகிற போக்கில் அதைச் சொன்னார். "பெரிய பொய் ஒன்ன வாசகர் நம்பணும்னா பக்கத்துல ஒரு சின்ன நெஜத்த வைங்க. நெஜத்தத் தொட்டுப் பாத்தவன் பொய்யத் தொட்டுப் பாக்க மாட்டான்." இந்திராணியின் பேனா நின்றுவிட்டது. கடிதாசு அப்படித்தான் இருந்தது, அட்சரம் பிசகாமல் அப்படித்தான். அவளுக்கு அது மனப்பாடம்: பெண் பத்தாம் வகுப்பு படிக்கும்போது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கீழே விழுந்தாள். சுகுணா டீச்சர் கோலி சோடா வாங்கிக் கொடுத்துத் தெளிய வைத்தார். அன்று முதல் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். பெண் நல்ல பெண். பெற்றோர் மிகவும் நல்லவர்கள். நோய் முற்றியது அவர்களுக்கே தெரியாது. உங்கள் மகன் வாழ்க்கையை உத்தேசித்து எழுதுகிறேன். இப்படிக்கு, உங்கள் நலம் விரும்பி. தாரிணி விழுந்தது நிஜம், வெயில் மயக்கம். சோடா நிஜம். சுகுணா டீச்சரும் நிஜம். மாப்பிள்ளை வீட்டார் யாரையோ விட்டுப் பள்ளிக்கூடத்தில் விசாரித்து, விழுந்தது உண்மைதான் என்று தெரிந்துகொண்டார்களாம். சோடாவைச் சரிபார்த்தவர்கள் வலிப்பை அப்படியே விழுங்கிவிட்டார்கள். இந்த வித்தை இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? டீ இடைவேளையில் கிட்டே போய்ப் பேச்சுக் கொடுத்தாள். "சாருக்குப் புதுக்கோட்டைப் பக்கம் சொந்தபந்தம் உண்டோ?" "சொந்தமெல்லாம் இல்லீங்க மேடம். பல் டாக்டர் ஒருத்தர் இருக்கார், ரெண்டு மாசத்துக்கு ஒருக்க போவேன்." பல் டாக்டர். அதையும் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

இப்போது அந்தக் குறிப்பைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. பதினொன்று இருபத்தெட்டு. 'நான் கோமளா. என் அண்ணியை எனக்குப் பிடிக்காது.' அடித்தாள். கோமளா அப்படி நினைக்கிற ஜாதி இல்லை, யாரையாவது பிடிக்கவில்லை என்றால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். சரி, எங்கே உட்கார்ந்திருக்கிறாள்? கடிதாசு கையெழுத்தில் இல்லை, கம்ப்யூட்டரில் அடித்தது. ஆகவே கோமளா ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்திருக்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலி. கடைப்பெண் அடிக்கிறாள், கோமளா சொல்கிறாள். இந்த இடத்தில் பேனா முரண்டு பிடித்தது. கோமளா சொல்லமாட்டாளே. கோமளா ஒரு கதையை ஆரம்பித்தால் தன் மாமியாருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்துதான் ஆரம்பிப்பாள். ஏழு வரியில் முடிக்க அவளால் எந்த ஜென்மத்திலும் முடியாது. கடைப்பெண்ணிடம் ஊர் உறவு எல்லாம் விசாரித்து, யாருக்கும் சொல்லிடாதம்மா என்று சொல்லி, அன்று சாயங்காலத்துக்குள் தானே நாலு பேருக்குச் சொல்லியிருப்பாள். சரி, எப்படியோ அடித்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். தபால் முத்திரை திருச்சி தலைமை அஞ்சலகம். அதற்கு இந்திராணி மூன்று வருடத்துக்கு முன்பே விளக்கம் வைத்திருந்தாள்: சந்தேகம் வரக் கூடாது என்று பஸ் பிடித்து இங்கே வந்து போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். மனசில் ஓட்டிப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. காகிதத்தில் நடக்கவைக்கும்போதுதான் கோமளா நடக்க மறுத்தாள். திருச்சியில் இறங்கி அண்ணன் வீட்டுக்கு வராமல் திரும்பிப் போவதா? ஒரு பை முறுக்கும் அதிரசமும் இல்லாமல் அவள் இந்த ஊர் மண்ணை மிதித்ததே கிடையாது. என்னால முடியாது அண்ணி என்று பஸ் ஸ்டாண்டிலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள், வியர்த்துப்போய், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. இந்திராணிக்குக் கோபம் வந்தது. முறுக்குக்காக ஒருத்தியை விட்டுவிட முடியுமா? சோடா விஷயம் வேறு யாருக்குத் தெரியும்? இந்திராணிக்கே அது கடிதாசு வந்தபிறகுதான் தெரியும். அத்தையும் மருமகளும் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள், லீவு விட்டால் புதுக்கோட்டை, அம்மாவிடம் சொல்லாததெல்லாம் அத்தையிடம். "சோடா விஷயத்த அத்தைகிட்ட சொன்னியா?" என்று கேட்டபோது தாரிணி பதிலே சொல்லவில்லை. பரீட்சை ஹாலில் பதில் சொல்லாத பிள்ளை ஒத்துக்கொண்ட பிள்ளை. கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை இல்லம்மா. அத்தையச் சொல்லாத" என்றாள். "உனக்கு எப்படிடி தெரியும்?" "தெரியும். விடேன்." அத்தைக்கு வக்காலத்தா என்று அதற்கும் ஒரு ஆட்டம் ஆடினாள் இந்திராணி.

கோமளா இல்லையென்றால் யார், ஒரு பேச்சுக்கு. எதிர்வீட்டுப் பங்கஜம்? பங்கஜத்துக்குப் பொறாமை உண்டு, ஆனால் அவளுக்குத் தாரிணி படித்த பள்ளிக்கூடம் எது என்றுகூடத் தெரியாது. தரகர் சபாபதி? மாப்பிள்ளைக்கு வேறு இடம் பேசி வைத்திருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டாள். அவனை உட்காரவைத்தாள், கையில் காகிதம் கொடுத்தாள். அவன் எழுதுகிற கடிதத்தில் 'பெற்றோர் மிகவும் நல்லவர்கள்' என்ற வரி வரவே வராது, இந்திராணி அவனை வாசலிலேயே நிற்கவைத்து ஜாதகத்துக்கு ஜாதகம் குறுக்குக் கேள்வி கேட்டவள். ஒவ்வொருவரும் வந்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்தார்கள், சோடாவைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்கள். மின்விசிறி ஒரு பக்கமாகத் தட்டிக்கொண்டே சுற்றியது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது, அவளுக்கு அது எப்போதும் தெரியும், அவளே அப்படிச் சத்தமில்லாமல் போய் நிற்பதற்கென்று கான்வாஸ் ஷூ வாங்கிப் போட்டவள். "மேடம் நிறைய அடிச்சிருக்கீங்களே" என்றார் இளவழுதி, தாழ்ந்த குரலில். உள்ளங்கையால் பக்கத்தை மூடினாள். "ஆளு உள்ள வர மாட்டேங்குது சார்." "வரலேன்னா ஆளு வேறயா இருக்கலாம் மேடம். அவர் செஞ்சத விடுங்க. செஞ்சிருக்கலாம், செய்யலன்னு எதாவது இருக்கும். அதப் பாருங்க. ஆளு அங்கதான் ஒளிஞ்சிருப்பார்." சொல்லிவிட்டு ரெஹானாவின் பக்கம் பார்க்காமலே நகர்ந்து போனார். பதினொன்று நாற்பத்திரண்டு.

செய்திருக்கலாம், செய்யவில்லை. என்ன பெரிய தத்துவம். இந்திராணி பார்க்காத மொட்டைக் கடிதாசா? ஸ்டாஃப் ரூமுக்கு எத்தனை வந்திருக்கிறது. ஒரு பெண்ணைப் பற்றி என்றால் முதல் வரியே அவள் எவனோடோ சுற்றுகிறாள் என்றுதான் இருக்கும். அதற்கு சோடாவும் வேண்டாம் டீச்சரும் வேண்டாம், ஒரு வரி போதும், எந்தக் கல்யாணமும் நின்றுவிடும். இதை எழுதியவர் அந்த வரியை எழுதவில்லை. கையில் அரிவாள் இருக்கும்போது ஊசியை எடுத்துக் குத்தியிருக்கிறார். ஏன்? பெண் நல்ல பெண். எந்த விரோதி இப்படி எழுதுவான்? பெற்றோர் மிகவும் நல்லவர்கள், மிகவும். இத்தனை நாளும் அதை வெல்லத்தில் தோய்த்த விஷம் என்றே படித்திருந்தாள். அந்த வரி மட்டும் இருந்திருந்தால், எவனோடோ சுற்றுகிறாள் என்று இருந்திருந்தால், மாப்பிள்ளை வீட்டை விடு, இந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? இந்திராணி நம்பியிருப்பாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, படித்து முடிப்பதற்குள் நம்பியிருப்பாள். அடுத்த ரயில் ஏறி பெங்களூர் போய் ஹாஸ்டல் ரூமில் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியிருப்பாள், போனைப் பிடுங்கியிருப்பாள், வேலையை விட வைத்து வீட்டில் உட்காரவைத்திருப்பாள். நோய் என்றதால் அழுதாள், அவ்வளவுதான். எழுதிய ஆளுக்கு அது தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டை எப்படி நம்பவைப்பது என்பதைவிட இந்திராணி டீச்சர் என்ன செய்வாள் என்பதை யோசித்து எழுதிய கடிதாசு. அவளிடம் அவ்வளவு பயம் யாருக்கு? அந்தக் கேள்வியை அப்படியே நடுவில் விட்டுவிட்டு இந்திராணி ஜன்னலைப் பார்த்தாள். கேஸை அணைத்தோமா என்று யோசித்தாள். அணைத்தாள், இரண்டு முறை பார்த்தாள். கம்பியில் ஒரு காக்கை. தீபாவளிக்கு வந்திருந்தபோது தாரிணி சமையலறை வாசலில் நின்று, "அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றாள். "யாருடி அவன்?" "எவனும் இல்லம்மா." "எவனும் இல்லாம எவளாவது நிச்சயமானத வேணாம்பாளா?" அன்று ராத்திரி அவள் தூங்கியதும் இந்திராணி அவள் போனை எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாததே பெரிய சந்தேகமாக இருந்தது. மறுநாள் தாரிணி மறுபடி சொன்னாள். மறுபடி அதே கேள்வி, இன்னும் சத்தமாக. அப்புறம் ஊருக்குக் கிளம்பினாள். ஜங்ஷனுக்கு ஆட்டோவில் போனார்கள். அந்த ஆட்டோ எதற்கு இப்போது? கோமளா கதைக்கு அது தேவைப்படாததால் மூன்று வருடமாக அதை நினைக்கவே இல்லை. சிவப்பு ரெக்ஸின் சீட், கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. தாரிணி மடியில் ஹேண்ட்பேகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி சொன்னாள். "ஒரு நாளைக்குப் பத்து தடவ போன் பண்றார்மா. எங்க இருக்க, பக்கத்துல யாரு, போட்டோ எடுத்து அனுப்புங்கிறார். அப்படியே உன்ன மாதிரிம்மா." இந்திராணிக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! பொறுப்பான பையன் என்றாள். என்னை மாதிரி ஒருத்தன் உனக்கு வாய்க்கணுமே என்றுதானே வேண்டிக்கொண்டேன் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்கூட. தாரிணி திரும்பி அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஆட்டோக்காரரிடம், "அண்ணே, போஸ்ட் ஆபீஸ்கிட்ட ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றாள். என்ன என்று கேட்டதற்கு ஆபீஸ் கவர் ஒன்று போட வேண்டும் என்றாள். ஊரில் இருக்கிற எல்லார் கவரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறவள், அன்று சந்தோஷத்தில் அந்த ஒரு கவரைப் பார்க்கவில்லை.

தண்ணீர் குடித்தாள், புரை ஏறியது. ரெஹானா நிமிர்ந்து பார்த்து முதுகில் தட்ட வந்தாள், வேண்டாம் என்று கை காட்டினாள். இல்லை, இருக்காது. எந்தப் பெண் தனக்கே வலிப்பு என்று எழுதுவாள், பிறகு வருகிற வரனையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வாள்? வேண்டாம் என்று மூன்று முறை சொல்லியும் கேட்பாரில்லாத பெண் எழுதுவாள். இருக்காது. அப்படியானால் அத்தையை நான் கரித்துக் கொட்டியபோது எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்? பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அத்தை இல்லம்மா என்றாள், ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் சொன்னாள். எனக்கு முன்னால் வாயைத் திறந்து அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. மகள் மேல் கோபம் வரும் என்று இந்திராணி காத்திருந்தாள். வரவில்லை. வெட்கம் வந்தது, சமையலறையில் மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடத்துக்காக, கூனிய முதுகோடு திரும்பிப் போன மனிதருக்காக. அதற்கும் அடியில் பயம் இருந்தது. பெற்ற பிள்ளைக்கு நான் அப்படிப்பட்ட ஆளா என்கிற பயம். அடித்த பக்கங்களைப் புரட்டிவிட்டுப் புதுத் தாளில் எழுதினாள்: நான் ஆட்டோவில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கவர் என் பையில் இருக்கிறது. கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், அம்மா கேட்டுக்கொண்டால் கிழித்துப் போட்டுவிடலாம். அம்மா சிரிக்கிறாள். பேனா நிற்கவே இல்லை. எந்த வரியையும் அடிக்கத் தோன்றவில்லை. "பேனாவ வச்சிரலாம்" என்ற குரல் கேட்டபோது கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாகப் பன்னிரண்டு. அந்த மனிதர் மேல் சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லாமல் போனது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

யார் படிக்கிறீர்கள் என்று கேட்டதும் அவள் எழுந்து நின்றது அவளுக்கே ஆச்சரியம். பெயர்களை மட்டும் விட்டுவிட்டுப் படித்தாள். படித்து முடித்துவிட்டு உட்கார்ந்தாள். பின் வரிசையில் சந்தானராஜ் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கை தூக்கினார். "நல்லாருக்கு மேடம். ஆனா பொண்ணே தன்மேல இப்படி எழுதிக்குமா? அதுதான் நம்ப முடியல. எழுதுனது நாத்தனார்னு மாத்திருங்க, கரெக்டா வந்து உக்காரும்." இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின. ரெஹானாவின் தலை ஆடவில்லை. "நாத்தனார வச்சு மூணு வருஷமா எழுதிப் பாத்துட்டேங்க, நிக்க மாட்டேங்குது" என்றாள் இந்திராணி. எல்லோரும் சிரித்தார்கள், அவள் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்து. இளவழுதி மட்டும் சிரிக்காமல் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தார். "மாத்த வேணாம் மேடம். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஆட்டோ போய்ட்டே இருக்கு, கவர் பையில இருக்கு. அந்த அம்மா என்ன செஞ்சிருந்தா அந்தப் பொண்ணு போஸ்ட் ஆபீஸ்ல எறங்காம இருந்திருக்கும்?" "தெரியல சார்" என்றாள். வகுப்பறை ஒன்றில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் முறை.

சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க எல்லோரும் கீழே இறங்கியபோது அவள் மாடிப்படி வளைவில் நின்று மகளைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "என்னம்மா? என்ன ஆச்சு?" அந்தக் குரல் எழுந்து நின்று பதில் சொல்லத் தயாராக இருந்தது, இத்தனை வருடமாக அது அப்படித்தான் இருந்திருக்கிறது. எங்க இருக்க, பக்கத்துல யாரு என்று இந்திராணியின் நாக்கு நுனி வரை வந்தது. எச்சிலோடு விழுங்கினாள். "ஒண்ணும் ஆகலடி. வியாழக்கிழமை அத்தை வீட்டுக் கல்யாணம்ல. நானும் அப்பாவும் புதன்கிழமையே போறோம். அப்பாதானே மாலை எடுத்துக் குடுக்கணும். கோமளாகிட்ட நான் வேற பேச வேண்டியிருக்கு." "அம்மா. அத்தை இல்லன்னு உனக்கு யாரு சொன்னா?" "யாரும் சொல்லல." "அப்புறம்?" நீதானே என்கிற வார்த்தை தொண்டையில் வந்து நின்றது. பின்னாலிருந்து போய்த் தோளில் கை வைத்து, எடு வெளியே என்று சொல்கிற அந்தப் பழைய சுகம் ஒரு கணம் ஆசை காட்டியது. கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் எதையும் கேக்கலடி தாரிணி" என்றாள். "இனிமே கேக்கவும் மாட்டேன்." சொல்லிவிட்டுச் சும்மா நின்றாள். கீழே யாரோ மேடம், தயிர் சாதமா சாம்பார் சாதமா என்று கத்தினார்கள். ஒரு பஸ் போனது. லைன்ல இருக்கியா என்றுகூட அவள் கேட்கவில்லை, மகள் மூச்சு விடுவது காதில் விழுந்துகொண்டிருந்தது, மூக்கை உறிஞ்சுவது விழுந்தது. அப்புறம் தாரிணி, யாரும் கேட்காமல், தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.